தீவில் செலவாகிப்போன விசா

அனுப்புநர்
1. ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்,
2. அவருடைய மனைவி, ஓய்வுபெற்ற அச்சகப் பிழைதிருத்துநர்,
மூன்றாம் மாடி, பழைய தபால் நிலையத்துக்குப் பின்தெரு, இந்நகர்.
(பெயர்கள் இணைப்பில் உள்ள பாஸ்போர்ட் நகல்களில் உள்ளபடி. பெயரைவிட விண்ணப்ப எண்ணைக் கொண்டுதான் தங்கள் அலுவலகத்துக்கு எங்களைத் தெரியும் என்பதால், எண்ணை உறையின் மேலேயே எழுதியிருக்கிறோம்.)

பெறுநர்
விசாப் பிரிவுத் தலைமை அதிகாரி அவர்கள்,
துணைத் தூதரகம், இந்நகர்.

பொருள்: கப்பல் சுற்றுலாவுக்காகப் பெற்ற ஒருமுறை நுழைவு விசா, நாங்கள் விரும்பாமலே ஒரு தீவில் செலவாகிப்போனது – துறைமுகத்தில் காத்திருந்த மகளையும் பேத்தியையும் சந்திக்காமல் திரும்ப நேர்ந்தது – அதன்பின் எங்கள் பெயரில் எழுதப்பட்ட பாதகமான குறிப்பை நீக்கி, மனுதாரர் 2-க்குக் கண் தெரியும்போதே மீண்டும் விசா வழங்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் அம்மையாராக இருந்தால் பொறுத்தருள வேண்டும். தங்கள் அலுவலகத்துக்குப் பலமுறை வந்தும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் அறைக்கதவு ஒருமுறைகூடத் திறந்து நாங்கள் பார்த்ததில்லை. ஆகவே உள்ளே இருப்பவர் ஐயாவா அம்மாவா என்று தெரியாமலே எழுதுகிறேன்.

காத்திருப்பு அறையின் சுவரில், குறைகள் இருப்பின் அவரவர் தாய்மொழியிலேயே எழுதித் தரலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். அதை நம்பி இந்த மனுவைச் சமர்ப்பிக்கிறேன். அந்த அறையில் நம்புவதற்கு வேறு எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

1. நான் வாழ்நாள் முழுவதும் லிஃப்ட் பழுதுபார்த்தவன். பொத்தானை அழுத்தினால் வண்டி வர வேண்டும், வந்தால் கதவு திறக்க வேண்டும், திறக்காவிட்டால் ஒருவர் வந்து காரணம் சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கில் ஊறிப்போனவன் என்பதால், தங்கள் அலுவலகத்தின் ஒழுங்கு எனக்குப் பிடிபடத் தாமதமாகிறது. என் மனைவி அச்சகத்தில் பிழைதிருத்துநராக இருந்தவர். பள்ளிப் பாடநூல் முதல் மருந்துச் சீட்டு உறை வரை அவர் கண்ணில் பட்டுத் தப்பிய பிழை கிடையாது. கடைக்காரர் பொட்டலம் கட்டித் தரும் காகிதத்தைக்கூடப் பேனாவோடுதான் பிரிப்பார்.

2. அந்தக் கண்ணைத்தான் இப்போது கண் அழுத்த நோய் தின்றுகொண்டிருக்கிறது. ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல என்று டாக்டர் விளக்கினார். என் மனைவி தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மறுபாதி இருப்பதே தெரியாமல் எழுந்து கை கழுவப் போய்விடுவார். சொட்டு மருந்து விடுகிறோம். அது குழாய் குறுகும் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. இனி இந்த மனுவில் அவரை அவள் என்றே எழுதப்போகிறேன். வீட்டில் அப்படித்தான். மரியாதைக் குறைவாகக் கொள்ள வேண்டாம்.

3. எங்களுக்கு ஒரே மகள். தங்கள் நாட்டில் முதியோர் இல்லமொன்றில் செவிலியாக இருக்கிறாள். தங்கள் நாட்டு முதியவர்களுக்கு மாத்திரை கொடுத்து, முதுகு துடைத்து, கைபிடித்து நடத்திச் செல்வது அவள் வேலை. அதில் எங்களுக்கு வயிற்றெரிச்சல் எதுவும் இல்லை. போய்ப் பதினொரு வருடமாகிறது. அங்கேயே மணமுடித்து, ஒரு பெண்குழந்தையும் பிறந்து, குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறது. மகளுடைய நிரந்தரக் குடியுரிமைக் கோப்பு பரிசீலனையில் இருக்கிறது. பரிசீலனை முடிவதற்குள் நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் கோப்பு மூடப்படும் என்பது தங்கள் நாட்டு விதி. கோப்பு நகரவில்லை. அது நகரும்வரை மகளும் நகர முடியாது. ஆகவே நாங்கள்தான் போக வேண்டும்.

4. போவதற்கு முறையாகவே விண்ணப்பித்தோம். மகளைப் பார்க்க வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி எழுதினோம். திரும்பி வருவோம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று மறுக்கப்பட்டது. மறுபடி விண்ணப்பித்தோம். மறுபடி அதே பதில். வேலை இல்லை, நிலம் இல்லை, உள்ளூரில் வேறு பிள்ளைகள் இல்லை, இருக்கும் ஒரே பிள்ளை அங்கே. ஆகவே அங்கேயே தங்கிவிடுவோம் என்பது தங்கள் அலுவலகத்தின் கணிப்பு. அங்கே மகள் இருப்பதால் எங்களுக்கு அனுமதி இல்லை. மகள் இல்லாவிட்டால் அங்கே எங்களுக்கு வேலையே இல்லை. இதை நான் எத்தனை முறை புரட்டிப் போட்டுப் பார்த்தாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

5. இந்த நிலையில்தான் கப்பல் என்ற யோசனை வந்தது. கொடுத்தவர் எங்கள் தெருமுனைப் பயண முகவர். ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கப்பல் படங்கள். அவர் கடலையே பார்த்ததில்லை என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவர் என் மனைவியிடம் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்: “கப்பல்ல போறவங்கள யாரும் சந்தேகப்பட மாட்டாங்கம்மா. காலையில இறக்கிவிட்டு, சாயங்காலம் கப்பலே தலைய எண்ணி ஏத்திக்கும். அதனால டூரிஸ்ட் விசா கேட்ட உடனே குத்திடுவாங்க. உங்க பொண்ண துறைமுகத்துக்கு வரச் சொல்லிடுங்க. நாள் முழுக்கப் பேத்திய மடியில வச்சுக்குங்க.”

நாள் முழுக்க என்று அவர் சொன்ன அந்த வார்த்தைக்குத்தான் நாங்கள் விழுந்தோம். பதினொரு வருடமாகக் கேட்டுக் கிடைக்காத இடத்தில் ஒரு நாள் என்பது எங்களுக்குப் பெரிய விருந்து.

6. விண்ணப்பத்தில் ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா என்று ஒரு கேள்வி இருந்தது. முகவர் யோசிக்காமல் ஒருமுறை என்பதைத் தேர்ந்தெடுத்தார். நான் காரணம் கேட்டேன். “ஒரே கப்பல், ஒரே டிரிப். இதுல எங்க சார் ரெண்டு தடவ நுழையப் போறீங்க? பலமுறைன்னு போட்டா எதுக்குன்னு தோண்ட ஆரம்பிப்பாங்க” என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. கப்பல் நிற்கும் இடங்களை அச்சிட்ட தாளில் ஊர்களின் பெயர்கள் மட்டும் இருந்தன. எந்த ஊர் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று இல்லை. முதலில் ஒரு தீவு, அடுத்து வேறொரு நாட்டின் துறைமுகம், மூன்றாவதாக மகள் வரவேண்டிய துறைமுகம். முன்பெல்லாம் வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் என் மனைவியின் பார்வைக்குத் தப்பாது. இந்தத் தாளை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தீவின் பெயரைக் கேட்டு, “பேரு நல்லா இருக்கே” என்றாள். நானும் நல்லா இருக்கு என்றேன்.

அந்தத் தீவு தங்களுடைய நாட்டைச் சேர்ந்தது, ஐயா. தாங்கள் அதை அறிவீர்கள். தங்கள் விசாப் பிரிவு எங்கள் பயணத் திட்டத்தையும் கப்பல் சீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் விசா கொடுத்தது. ஒரே கப்பல் தங்கள் நாட்டை இரண்டு முறை தொடுகிறது, நடுவில் வெளியே போகிறது, ஆகவே ஒருமுறை நுழைவு விசா போதாது என்று அந்தத் திட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்க வேண்டியவர் ஒருவர் தங்கள் அலுவலகத்தில் இருந்தார். அவர் முத்திரை குத்தினார். கடலைப் பார்க்காத முகவரை நான் மன்னித்துவிட்டேன். இவரை என்னால் முடியவில்லை.

7. விசா வந்த அன்று வீட்டில் நடந்ததையும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் மனைவி பாஸ்போர்ட்டை விளக்கருகே கொண்டுபோய், அந்தக் குழாய்ப் பார்வையால் விசாவை எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிழை எதுவும் இல்லை என்று சொன்னாள். பிறகு பேத்தியின் முகத்தை எப்படிப் பார்க்கப்போகிறாள் என்று எனக்கு விளக்கினாள். முழு முகமும் ஒரே பார்வையில் அகப்படாது. ஆகவே முதலில் நெற்றி, பிறகு ஒரு கண், பிறகு மறு கண், பிறகு மூக்கு, வாய், தாடை. வரி வரியாக, அச்சுப்படி பார்ப்பதுபோல. “நாள் முழுக்க இருக்கே, அவசரப்படாமப் பார்ப்பேன்” என்றாள். மகளும் விடுப்பு எடுத்தாள். உள்நாட்டிலிருந்து துறைமுக நகரத்துக்கு ரயிலில் வந்து தங்க ஏற்பாடு செய்தாள்.

8. தீவில் நடந்தது பின்வருமாறு. நாங்கள் அங்கே இறங்குவதாகவே இல்லை. அவளுக்கு ஏணிப்படி இறங்குவது சிரமம். தெரியாத தரையில் கால் வைக்கப் பயப்படுவாள். பலத்தைப் பெரிய நாளுக்குச் சேமித்து வைப்போம் என்று அறையிலேயே இருந்தோம். அப்போது ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: குடியேற்ற அதிகாரிகள் முகச் சோதனை செய்ய வேண்டும், பயணிகள் எல்லோரும் பாஸ்போர்ட்டுடன் கீழே இறங்கி வர வேண்டும், கடைசி ஆள் இறங்கும்வரை யாரும் திரும்ப ஏற முடியாது. நாங்கள் இறங்க விரும்பவில்லை என்று கப்பல் வரவேற்புப் பெண்ணிடம் சொன்னேன். நல்ல பெண். எங்கள் மொழி பேசுபவள். “நீங்க ரெண்டு பேரு வராம மொத்தக் கப்பலும் நிக்குது அப்பா, சும்மா போய்ட்டு வந்துடுங்க” என்றாள். சும்மா போய்விட்டு வந்தோம். துறையில் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் நுழைந்து, மேசையில் முகத்தைக் காட்டி, முத்திரை வாங்கி, மறுபக்கம் வெளியேறி, அதே ஏணிப்படியில் ஏறினோம். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. தங்கள் நாட்டில் என் மனைவி மிதித்தது அந்தக் கொட்டகையின் சிமெண்டுத் தரை மட்டும்தான். அந்த நடைக்குத்தான் எங்கள் விசா செலவானது. அது எங்களுக்குத் தெரியாது. அறைக்குத் திரும்பியதும் அவள் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டுப் படுத்துத் தூங்கினாள்.

9. மறுநாள் கப்பல் வேறொரு நாட்டில் நின்றது. அதற்கும் விசா வைத்திருந்தோம். இறங்கவில்லை. அந்த நாட்டில் எங்களுக்கு யாரையும் தெரியாது. அது பயன்படாமல் முழுசாக இன்னும் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. வேண்டாத இடத்து விசா கெடாமல் இருக்கிறது, வேண்டிய இடத்து விசா தகரக் கொட்டகையில் தீர்ந்துபோனது.

10. அதற்கடுத்த நாள் காலை, மகள் காத்திருந்த துறைமுகத்தில் கப்பல் கரையணைந்தது. தங்கள் நாட்டு அதிகாரிகள் கப்பலுக்குள்ளேயே வந்து உணவுக்கூடத்து மேசைகளில் உட்கார்ந்தார்கள். என் மனைவி கைப்பையில் பேத்திக்குத் தைத்த சட்டையை வைத்திருந்தாள். தையலும் பார்த்துச் செய்ததல்ல, தடவித் தடவிச் செய்தது. எங்கள் முறை வந்தது. அதிகாரி பாஸ்போர்ட்டைத் திறந்தார், ஒரு பக்கம் திருப்பினார், மூடினார். வரவேற்புப் பெண் மொழிபெயர்த்தாள்: “விசா முடிஞ்சுபோச்சாம் அப்பா. தீவுல ஒரு தடவ நுழைஞ்சிட்டீங்களாம்.” நான் அதைக் காதில் வாங்கியும் புரியாமல், நாங்கள் இன்னும் இந்த நாட்டுக்குள் நுழையவே இல்லையே என்றேன். அதிகாரி தீவில் குத்திய முத்திரையின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எதற்காக இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள் என்று அவர் கேட்டார். வெளியே மகளும் பேத்தியும் நிற்கிறார்கள், இவளுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, கையெட்டும் தூரத்தில் ஒருமுறை குழந்தையின் முகத்தைப் பார்த்தால் போதும் என்றேன். அவர் மரியாதையாகவே கேட்டார், நானும் மரியாதையாகவே சொன்னேன். இத்தனை மரியாதைக்கு நடுவில் காரியம் கெட்டது. அவர் தன் கணினியில் ஏதோ பதிந்தார். ஒருவேளை அனுமதிக்குத்தான் எழுதுகிறார் போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சரி, நாங்கள் இறங்க வேண்டாம், குழந்தை மட்டும் கப்பல் ஏணிப்படியின் நடுவரை ஏறி வரட்டும், இவள் மேலிருந்து நடுவரை இறங்கட்டும் என்று கேட்டேன். குழந்தை ஏறினால் நாட்டை விட்டு வெளியேறியதாகும், இவள் இறங்கினால் நாட்டுக்குள் நுழைந்ததாகும் என்று பதில் வந்தது. இரண்டும் ஒரே ஏணிப்படிதான்.

11. அன்று கப்பல் மாலைவரை அங்கேயே நின்றது. எங்கள் அறைக்குப் பக்கத்து அறைக்காரர் இறங்கிப்போய் ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு வந்தார். தங்கள் நாட்டில் அவருக்கு அந்தத் தொப்பியைத் தவிர வேறு ஜோலி இல்லை. நாங்கள் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். துறைமுகச் சாலைக்கு அப்பால் கம்பி வேலி, அதன் பின்னால் கூட்டம். எனக்கு மகள் தெரிந்தாள். மஞ்சள் குடை பிடித்திருந்தாள். செல்போனில் பேசினாள். “அம்மா, மஞ்சக் குடை, தெரியுதா?” என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது. “தெரியுதுடி, நல்லாத் தெரியுது. நீ கொஞ்சம் இளைச்சிருக்க” என்றாள் என் மனைவி. அப்போது அவள் முகம் ஒரு கிடங்கின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போனை வைத்ததும் மெல்லிய குரலில், “ஏங்க, எங்க நிக்கிறாங்க? காட்டுங்க” என்றாள். குழாய் வழியாகப் பார்ப்பவருக்கு விரல் நீட்டிக் காட்டிப் பயனில்லை. விரலைக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் போய்விடும். நான் அவள் பின்னால் நின்று, அவள் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து, லிஃப்ட் வண்டியைத் தளத்தோடு மட்டப்படுத்துவதுபோல மெல்ல மெல்லத் திருப்பினேன். கொஞ்சம் வலது, கொஞ்சம் கீழே. மஞ்சளாக ஏதோ வந்து போனது என்றாள். மறுபடி திருப்பினேன். சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

12. இந்தப் பத்தியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டப்போவதில்லை. தங்கள் பார்வைக்கு மட்டும். வேலிக்கு அப்பால் மகள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள். குழந்தை கப்பலைப் பார்க்கவில்லை. பக்கத்தில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்த கிரேனை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. மகள் அதன் முகத்தைப் பிடித்து எங்கள் பக்கம் திருப்பினாள். அது மறுபடி கிரேனுக்கே போனது. இங்கே நான் ஒரு தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன், அங்கே அவள் ஒரு தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். “குழந்த என்ன பண்றா?” என்று என் மனைவி கேட்டாள். “உன்னப் பார்த்துக் கை ஆட்டுறா” என்றேன். உடனே அவளும் கையை உயர்த்தி ஆட்டினாள். கை வலிக்கும்வரை ஆட்டினாள். குழந்தையைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதற்குத் தெரிந்ததெல்லாம் போனில் வரும் குரல் ஒன்று. கப்பலில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். கிரேன் ஒன்றுதான் இருக்கிறது.

13. ஊர் திரும்பியதும் மறுபடி விண்ணப்பித்தோம். இம்முறை டாக்டரின் சான்றிதழையும் இணைத்தோம். கவுண்டரில் இருந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது மெடிக்கல் விசாவுக்குத்தாங்க செல்லும். அங்க போய் ட்ரீட்மெண்ட் எடுக்கப் போறீங்களா?” என்றார். இல்லை என்றேன். “அப்போ இது எதுக்கு?” என்று கண்ணாடியின் கீழ்ச்சந்து வழியாகத் திருப்பித் தள்ளினார். அந்தக் கண்ணாடியில் பேசுவதற்கு விட்டிருக்கும் துளைகள் நெஞ்சளவு உயரத்தில் இருக்கின்றன. நின்றால் பேச முடியாது, உட்கார நாற்காலி கிடையாது. குனிந்துதான் பேச வேண்டும். இதை ஒரு புகாராகத் தனியே எழுதலாம், இப்போது அதற்கு நேரமில்லை. குனிந்தபடியே விஷயத்தைச் சொன்னேன். அவர், “வீடியோ கால்ல பார்த்துக்கலாமே. இதுக்கு எதுக்கு இந்த வயசுல அலையுறீங்க?” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்கிறேன். போன் திரையின் வெளிச்சம் பட்டால் அவளுக்குக் கண் கூசி, மிச்சம் இருப்பதும் மறைந்துவிடுகிறது. பேத்தியைப் போனில் அவள் கேட்கிறாள், பார்ப்பதில்லை. இதைச் சொல்வதற்குள் அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

14. பிறகு வந்தது தங்கள் மறுப்புக் கடிதம். காரணம்: முந்தைய பயணத்தில் விண்ணப்பதாரர்கள் அறிவித்த நோக்கம் சுற்றுலா, துறைமுக அதிகாரியிடம் அவர்களே ஒப்புக்கொண்ட நோக்கம் வேறு. ஆறு மாதங்களுக்குப் பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம். உணவுக்கூடத்து மேசையில் அந்த அதிகாரி கணினியில் பதிந்தது என்னவென்று அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

மகளைப் பார்க்க வருகிறோம் என்று உண்மை சொன்னபோது, திரும்ப மாட்டீர்கள் என்று மறுத்தீர்கள். சுற்றுலா என்று சொன்னபோது கொடுத்தீர்கள். மறுபடி உண்மை சொன்னபோது, பொய் சொன்னவர்கள் என்று எழுதிவைத்தீர்கள். தொப்பி வாங்குவது சுற்றுலாவில் சேரும், பேத்தியைப் பார்ப்பது சேராது என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிட்டிருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருந்திருக்கும். நாங்கள் திரும்பி வர மாட்டோம் என்ற தங்கள் சந்தேகத்தையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். திரும்பி வந்துவிட்டோம். இந்த மனுவை இங்கிருந்துதான் எழுதுகிறேன்.

15. ஆறு மாதம் தாங்குமா என்று கண் டாக்டரிடம் கேட்டேன். “பார்க்க வேண்டியவங்கள சீக்கிரமாப் போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க” என்றார். பாவம், அவருக்குக் கண்ணைப் பற்றி மட்டும்தான் தெரியும். விசாப் பிரிவைப் பற்றித் தெரியாது. போன வாரம் அவள் வீட்டுக்குள்ளேயே கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். முப்பத்தாறு வருடமாகப் புழங்கும் வீடு. கதவு அங்கேயேதான் இருந்தது.

ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து,

(அ) எங்கள் பெயரில் எழுதியுள்ள குறிப்பை நீக்கவும். நீக்க விதி இடம் தராவிட்டால், அதன் கீழேயே, ‘இவர்கள் பார்க்க விரும்பியது தம் சொந்தப் பேத்தியை’ என்று இன்னொரு வரி சேர்க்கவும்.

(ஆ) எங்கள் இருவருக்கும் விசா வழங்கவும். ஒரு நாள் போதும். நுழைவு மட்டும் ஒன்றுக்கு மேல் இருக்கட்டும். எங்கே எந்தக் கொட்டகை இருக்கும் என்று இனி நாங்கள் துணிந்து சொல்ல முடியாது.

(இ) எனக்கு வழங்க ஆட்சேபம் இருந்தால் அவளுக்கு மட்டுமாவது வழங்கவும். அவளை அங்கே கொண்டு சேர்த்துத் திரும்பக் கூட்டிவர, சக்கர நாற்காலி உதவியாளரை ஏற்பாடு செய்துகொள்வோம். நான் இங்கேயே பிணையாக இருக்கிறேன். தங்கள் காத்திருப்பு அறையிலேயே உட்காரச் சொன்னாலும் உட்காருவேன். எனக்குப் பழக்கமான அறைதான்.

(ஈ) இவை எதுவும் இயலாது என்றால், அதே கப்பல் அடுத்த முறை அந்தத் துறைமுகத்துக்குப் போகும்போது, ஏணிப்படியின் எந்தப் படியோடு தங்கள் நாடு முடிகிறது என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும். அந்தப் படியில் குழந்தையை நிறுத்தச் சொல்லி, அதற்கு மேல் படியில் இவளை நிறுத்துகிறோம். யாரும் யாருடைய நாட்டுக்குள்ளும் நுழைய மாட்டார்கள்.

(உ) முடிவு எதுவானாலும் விரைந்து தெரிவிக்கவும். மறுப்பாக இருந்தால் பெரிய எழுத்தில் அச்சிட்டு அனுப்பவும். அதை அவள் தானே படிக்க வேண்டும் என்கிறாள். என் வாயால் வாசிக்க வைக்காதீர்கள்.

தங்கள் அலுவலகத்தில் தேங்கும் மனுக்களில் ஒன்றாக இதுவும் ஆகிவிடாது என்ற எண்ணத்துடன், தங்கள் நேரத்துக்கு நன்றி தெரிவித்து முடிக்கிறோம்.

இடம்: மேற்கண்ட வீடு
நாள்: ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை

(கையொப்பம்) மனுதாரர் 1

(கையொப்பம்) மனுதாரர் 2

குறிப்பு: மனுதாரர் 2-இன் கையொப்பம் பாஸ்போர்ட்டில் உள்ளதோடு ஒத்துப்போகாது. அதைக் காரணம் காட்டி மனுவைத் திருப்ப வேண்டாம். கைநாட்டு வைக்கச் சொல்லும்படி தங்கள் கவுண்டரில் கூறக்கூடும். எழுத்தோடு வாழ்ந்தவளிடம் அதை நான் கேட்க மாட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய கோடு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் என் விரலைக் கோட்டின் மேல் வைத்துக் காட்டினேன். அவள் என் விரலைத் தொட்டுப் பார்த்து, அதற்குச் சற்று முன்னாலிருந்து தொடங்கினாள், நான் விரலை எடுப்பதற்குள் அதன் மேலேயே எழுதிக்கொண்டு போய்விட்டாள். கையொப்பத்தின் நடுவில் வெறுமையாக இருப்பது அழித்த இடமோ திருத்திய இடமோ அல்ல. அங்கே என் விரல் இருந்தது.